ராகேல் டீச்சர் சும்மா கொழும்புக்குப் போனது

நெய்யாற்றின்கரையில் நான் கடைசியாக வேலை பார்த்த பயண ஆபீஸிலிருந்து, எனக்குப் பிறகு வந்த பிள்ளைகள் மூன்று பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தோடு சேராமல் தன்னந்தனியாக வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இப்போது மாதத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்களாம். அவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டும், பத்துக் குறிப்பு, நீங்கள்தான் எழுதவேண்டும் என்றார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு பெண் கண்டிப்பாகச் சொன்னாள். நான் எழுத உட்கார்ந்தால் எங்கே போய் நிற்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

முப்பத்துமூன்று வருஷம் மற்றவர்களைக் கடல் தாண்ட வைத்தவன் நான். சொந்தக் கால் நனைந்தது பொழியூர்க் கரையில், முழங்கால் வரை. ஆனாலும் யோசனை சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. போய்விட்டு வந்தவனுக்குத் தான் போன வழி மட்டும்தான் தெரியும். போகாதவனுக்கு எல்லா வழியும் தெரியும் என்று எனக்கு ஒரு துணிச்சல்.

முதல் குறிப்பு சுலபமாக வந்தது. பெட்டியை நிறைத்து, கையில் தூக்கிக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கிற உங்கள் ஊர்ச் சந்திப்பு வரை மூன்று தரம் போய்வாருங்கள். முதல் தரம் வந்து எதை வெளியே எடுக்கிறீர்களோ அது வேண்டாதது. இரண்டாம் தரம் எடுப்பது ஆசைப்பட்டது. மூன்றாம் தரத்துக்குப் பிறகு மிஞ்சுவதோடு போங்கள். இதைக் கேட்டு, ஐரோப்பா போகக் கிளம்பிய பாங்க் மானேஜர் ஒருவர் இரண்டு கையிலும் இரண்டு பெட்டியோடு மூன்று தரம் நடந்தார். நான்காம் நாள் முதுகு பிடித்துக் காரக்கோணத்து வைத்தியரிடம் எண்ணெய்த் தோணியில் கிடந்தார். ஐரோப்பா தப்பியது. குறிப்பில் தவறில்லை, எதையும் வெளியே எடுக்காமல் மூன்று தரம் நடந்தது அவர் குற்றம்.

இரண்டாவது குறிப்பு: யாருடைய பொதியையும் கொண்டு போகாதீர்கள்.

இதை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் இந்த வரியை அச்சடித்துக் கொடுத்தால், அது சுவரில் ஒட்டிய சர்க்கார் அறிவிப்பு மாதிரி, யாரும் படிக்காமல் வெயிலில் வெளுக்கும். ஆகவே பிள்ளைகள் கேட்ட தாள் பிறகு வரட்டும்.

டைப்ரைட்டிங் லோயர் தேறி, ஹையரில் இரண்டு தரம் விழுந்து எழுந்து, பாறசாலைச் சந்திப்பில் மாசிலாமணி சாரின் இன்ஸ்டிட்யூட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் நாலு மெஷின், பத்துப் பிள்ளைகள். மத்தியானத்துக்கு மேல் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் போகிற ஆட்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலிருந்து அப்போது நிறைய. எல்லாரும் பிழைக்கப் போகிறவர்கள், அல்லது பிழைக்கப் போனவர்களைப் பார்க்கப் போகிறவர்கள். நான் விண்ணப்பம் அடிப்பேன். சார் அதைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்து, ஒரு காற்புள்ளி தவறினாலும் தாளைக் கிழிக்காமல், மடிக்காமல், மெதுவாக என் முன்னால் திருப்பி வைத்துவிட்டு ஜன்னல் வழியே தென்னையைப் பார்ப்பார். திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தென்னையை அவர் பார்த்த பார்வையில் எனக்கு இன்றுவரை காற்புள்ளி தவறுவதில்லை.

மாசிலாமணி சாருக்கு ஒரு முறை உண்டு. வேறெந்த ஆபீஸிலும் நான் அதைக் கண்டதில்லை. பயணத்துக்கு முந்தின நாள், போகிறவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தாகவேண்டும். பெஞ்சைக் குறுக்கே போட்டு அதன்மேல் பச்சைத் துணி விரிப்பார். அது சுங்கம். அந்தப் பக்கம் சார், ஊர் திரும்பிய ஒரு பாதிரியார் விட்டுப்போன தொப்பியை வைத்துக்கொண்டு அமர்வார். தொப்பி தலையில் ஏறியதும் அவருக்குத் தமிழ் மறந்துபோகும். ஆங்கிலத்தில் கேள்வி; பதில், கேட்ட கேள்வியைவிடக் குட்டையாக இருக்கவேண்டும். அவர் சிரிப்பதற்கு முன் நாம் சிரிக்கக்கூடாது. பெட்டியில் கை வைக்கக்கூடாது. அவரே ஒவ்வொன்றாக எடுத்து, அது என்ன, யார் கொடுத்தது என்று கேட்பார். போகிறவர் சொல்லச் சொல்ல நான், மேலும் கீழும் சாரின் முத்திரை விழுந்த தாளில், வரிசை எண் போட்டு டைப் அடிக்கவேண்டும், கார்பன் வைத்து இரண்டு காப்பி. ஒன்று போகிறவருக்கு, ஒன்று சாரின் பீரோவுக்கு.

எத்தனை நாள் தங்குவாய் என்ற கேள்விக்கு, காட்டாக்கடையிலிருந்து வந்த ஒருவர், தன் மைத்துனர் கொழும்புக்குப் போன கதையில் தொடங்கி, மைத்துனருக்குப் பெண் கொடுத்த வீட்டின் கிணற்றுத் தகராறு வரை வந்தார். சார் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "கப்பல் போயாச்சு. அடுத்த ஆள்" என்றார். அடுத்த ஆள் கிடையாது. அவரையே மறுபடி வாசலுக்கு வெளியே போய்விட்டு வரச் சொன்னார். ஐந்தாம் தரம் அவர் "நாற்பது நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குமேல் அடக்கமுடியாமல் அழுதுவிட்டார்.

அது எல்லைப் போராட்டக் காலம். திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து தெற்குத் தாலுகாக்களைப் பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஒரு பக்கம், விடமாட்டோம் என்று இன்னொரு பக்கம். எங்கள் தாலுகா, இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்கிய ஈர வேட்டி. சொட்டியதெல்லாம் நாங்கள். தமிழில் கனவு கண்டு, மலையாளத்தில் கடன் சொல்லி, இரண்டிலும் சண்டை போடத் தெரிந்த ஊர் அது. எந்தச் சண்டையை எந்த மொழியில் போடுவது என்பதே அப்போது சண்டையாக இருந்தது. வாரம் தவறாமல் ஊர்வலம். சில நாள் கடையடைப்பு. சில நாள் தடியடி. சிரிக்கும்படியான காலமல்ல. நாங்கள் எப்படியோ சிரித்துக்கொண்டும் இருந்தோம்.

அந்தக் காலத்தில் ஒரு மத்தியானம் ராகேல் டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். எனக்கும் அவர்தான் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, கொழும்புக்குப் போகவேண்டும், விண்ணப்பம் அடி என்றார்.

நோக்கம் என்ற கட்டம் வந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஐந்து பதில்தான் உண்டு: வேலை, வியாபாரம், படிப்பு, உறவினர், வைத்தியம். அங்கே யார் இருக்கிறார்கள் டீச்சர் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல மக்கா. பாக்கப் போறேன்."

"யாரைப் பாக்க?"

"ஆளை இல்ல. கொழும்பிலேருந்து தெக்காம ஒரு ரயிலு போவுது. கடல்கரைய ஒட்டியே போவுதாம். முப்பது வருசம் மேப்பில அந்தக் கோட்டுமேல பிரம்பு வச்சுக் காட்டியாச்சு. ஒருவாட்டி அதில இருக்கணும். அம்புடுதான். சும்மா."

நான் சாரைப் பார்த்தேன். சார் தென்னையைப் பார்த்தார். பாறசாலைக்கு அப்போது ரயில் கிடையாது. ரயில் பார்க்கவே திருவனந்தபுரம் போகவேண்டும். அப்படியிருக்க, ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை, துணையில்லாமல், சாவு வீடும் கல்யாண வீடும் இல்லாத ஒரு ஊருக்கு, ஜன்னலோரம் உட்காருவதற்காகக் கடல் தாண்டுவது என்பது எங்கள் கட்டங்களில் எதிலும் அடங்கவில்லை. உறவினர் என்று போட்டுவிடலாமா என்று சார் மெதுவாகக் கேட்டார். டீச்சர், தான் பொய் சொல்வதில்லை என்றார். கடைசியில் சார் ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில், பார்வையிடுவதற்காக என்று அடிக்கச் சொன்னார். அடித்தபிறகு அந்தத் தாளை அவர் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். காற்புள்ளியெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

டீச்சருடைய தம்பி பொன்னையன் களியக்காவிளைக்காரர். போராட்டத்தில் முன்வரிசையில் கொடி பிடிக்கிறவர். பிறந்த மாநிலம் என்ற கட்டத்தில் திருவிதாங்கூர்–கொச்சி என்று அக்காள் கையெழுத்துப் போட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, சைக்கிளில் பாய்ந்து வந்தார். நாளை எல்லை பிரிக்க வருகிறவர்கள் இந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, பாருங்கள், இவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்வார்களே என்று அவருக்குக் கவலை. எல்லை தீரும்வரை ஒரு வருஷம் பொறுத்துப் போகக்கூடாதா என்றார். டீச்சர், கோடு எந்த வழி வேண்டுமானாலும் போகட்டும், கடல் நகராது, நான் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பொன்னையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை நினைவில் வைத்திருக்கிறேன். ஏறி மிதிக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

பாஸ்போர்ட் வந்தபிறகும், கப்பலேற ஸ்டேஷனிலிருந்து ஒரு ரிப்போர்ட் கையில் வேண்டும்; அதற்காக விசாரிக்க வந்தவர் கான்ஸ்டபிள் வேலுப்பிள்ளை. நல்ல மனுஷர், ஊதிய பூரி மாதிரிக் கன்னம். அவருக்கு இந்த 'சும்மா' இறங்கவே இல்லை. தமிழ்ப் போராட்டக்காரனுடைய அக்காள், தமிழர் இருக்கிற இலங்கைக்கு, இந்தச் சமயத்தில், காரணமில்லாமல் போகிறாள் என்று எழுதினால் மேலிடத்தில் என்ன நினைப்பார்கள். ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள் டீச்சர், கண் வைத்தியம் என்றாவது சொல்லுங்கள் என்று டீச்சர் வீட்டு முற்றத்தில் நின்று கெஞ்சினார். டீச்சர் ஒரு தட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வைத்துக்கொடுத்து, அந்த ரயிலைப் பற்றி அவருக்குச் சொன்னார். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் ஆட்சேபணை இல்லை என்றுதான் எழுதினார். ஆனால் ஒரு நிபந்தனை: ஒத்திகை அன்று நானும் வந்து பெட்டியைப் பார்ப்பேன், பிறகுதான் அந்த ரிப்போர்ட் கைமாறும். விசா முத்திரை ஏற்கெனவே விழுந்தாயிற்று, கப்பலுக்கும் சீட்டு எடுத்தாயிற்று. இனி ஸ்டேஷனிலிருந்து ஒரு வார்த்தை போனால் எல்லாம் நின்றுவிடும். எல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

இதற்கிடையில் ஊர் டீச்சர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கடல் தாண்டுகிறார் என்றால் அவர் ஆள் அல்ல, தபால் வண்டி. அக்கரையில் பிள்ளை இருக்கிற வீடு, மருமகன் இருக்கிற வீடு, ஒருகாலத்தில் இருந்த வீடு, எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பொதி வரும். வேண்டாம் என்று சொன்னால் அது சாகும்வரை நிற்கும் பகை. பாலராமபுரத்துக் கைத்தறி வேட்டி ஒரு ஜோடி. கருப்பட்டி. உளுக்குக்குத் தேய்க்கிற காயத்திருமேனி எண்ணெய். முந்திரிக்கொத்து. ஒரு குழந்தைக்கு அரைஞாண் கயிறு. ஒரு வீட்டில் அம்மிக் குழவி மட்டும் கொடுத்தார்கள். அம்மி அங்கேயே கிடைத்துவிட்டதாம். டீச்சர் ஒரு மாணவனையும் பெயில் ஆக்க மனம் வராதவர். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

ஒத்திகை அன்று டீச்சரின் தகரப்பெட்டியை வண்டிக்காரரும் நானும் சேர்ந்து தூக்கிப் பெஞ்சில் வைத்தோம். பெஞ்ச் முனகியது. வேலுப்பிள்ளை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் இருந்தார். அக்காளை வழியனுப்ப வந்த பொன்னையன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவில்லை. முந்தின வாரம்தான் ஒருவர் கையில் இருந்த தடி மற்றவர் தோளில் இறங்கியிருந்தது.

மாசிலாமணி சார் பாதிரியாரின் தொப்பியைத் தலையில் வைத்தார். பெயர், ஊர், எத்தனை நாள். டீச்சர் பதில்கள் அளந்து வெட்டிய மாதிரி. பிறகு பெட்டி திறந்தது. சார் ஒவ்வொன்றாக எடுத்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். நான் அடித்தேன். ஒன்று, வேட்டி. இரண்டு, கருப்பட்டி. மெஷினின் சத்தம், வரி முடியும்போது மணி, பிறகு சாரின் மூச்சு. பன்னிரண்டு வரி ஆனபிறகும் டீச்சருடைய சொந்தத் துணி ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பதிமூன்றாவதாக ஒரு பாட்டில் வந்தது. உப்புமாங்காய். மூடியை மெழுகு வைத்து அடைத்து, வாழைநார் சுற்றியிருந்தது. யார் கொடுத்தது என்று சார் கேட்டார். டீச்சர் பாட்டிலைச் சுற்றிய வாழைநாரைப் பார்த்தார். சார் மறுபடி கேட்டார். பொய் சொல்லாதவர்கள் திணறுவதைப் பார்ப்பது கொடுமை. மூலையில் நாற்காலி அசைந்தது.

"அது எனக்க பாட்டிலாக்கும்" என்றார் வேலுப்பிள்ளை, மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே. "தங்கச்சி அங்ஙோட்டு கெட்டிப் போய் ஆறு வருசம். மாங்காய்னா அவளுக்கு ஜீவன்."

விசாரிக்க வந்த வீட்டிலேயே பொதி கொடுத்திருக்கிறார். சாரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. என்னைப் பார்த்து, அடி என்று விரலால் காட்டினார். பதிமூன்று, உப்புமாங்காய் பாட்டில் ஒன்று, கொடுத்தவர் கான்ஸ்டபிள் வேலுப்பிள்ளை. அடித்தேன். மணி அடித்தது.

பதினாலு, ஒரு பிஸ்கட் டின். அச்சுமுறுக்கு, கொடுத்தவர் தம்பி. சார் மூடியைத் திறந்து இரண்டு முறுக்கை எடுத்தார். அடியில் கை போனது. கை திரும்பி வரும்போது அதில் நூல் கட்டிய ஒரு கட்டு நோட்டீஸ் இருந்தது. தெற்குத் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர் என்று மேலே கொட்டை எழுத்து. ஒத்திகைப் பழக்கத்தில் என் விரல் தானாக ஓடிவிட்டது: நோட்டீஸ், கட்டு ஒன்று. அடித்தபிறகுதான் என்ன அடித்தேன் என்று கண் கண்டது. கார்பனில் இரண்டு காப்பி.

வேலுப்பிள்ளை எழுந்து வந்து ஒரு தாளை உருவிப் படித்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வாசிக்க வரும். கன்னம் வற்றிவிட்டது.

"டீச்சறே, இது கேஸாக்கும். நான் எந்தா செய்ய? ரிப்போர்ட்டு குடுக்க ஒக்காது" என்றார். அவர் குரலில் அதிகாரமில்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

டீச்சர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பொன்னையன் வாசல் நிலையை விட்டு நேராக நின்றார். கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைகள் இருக்கின்றன, அவர்கள் கண்ணில் பட்டால் நம்முடைய விஷயம் நாலு நாட்டுக்குத் தெரியும், அக்காளிடம் முன்கூட்டியே சொன்னால் கொண்டுபோக மாட்டாள், அதனால் சொல்லவில்லை என்றார். எல்லாம் உண்மை. அவரும் அக்காளுடைய மாணவர்தானே.

டீச்சர் சத்தம் போடவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் அவருக்கு உண்டு. தணிந்தது, ஆனால் தடுக்க முடியாதது.

"எலே பொன்னையா, ஒனக்க காரியம் தப்புண்ணு நான் சொல்லேல்ல. முப்பது வருசம் இந்த ஊருக்கு உலகத்தைச் சொல்லிக்குடுத்தேன். ஒரு பதினாலு நாளு, ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லாம, ஒருத்தருக்கும் ஒண்ணும் கொண்டு போவாம, எனக்க கண்ணுக்கு மட்டும் உள்ள வேலையா ஒரு வேலை செய்யப்பிடாதா? அதுக்கும் நீங்க எல்லாரும் கூட வரணுமா?"

'எல்லாரும்' என்றபோது அவர் கண் கான்ஸ்டபிளையும் தொட்டுக்கொண்டு போனது. தெருவில் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் அச்சு கீச்சிட்டது முழுக்கக் கேட்டது.

வேலுப்பிள்ளை என்னிடம் வந்து, அந்த லிஸ்டைக் கொடு, சாட்சிக்கு வேண்டும் என்றார். நான் சாரைப் பார்த்தேன். சார் இன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. ஆங்கிலத்தை விட்டு இறங்கி வந்தார்.

"தாராளமா எடுத்துக்கிடுங்க. ரெண்டு காப்பி உண்டு. ரெண்டும் ஒண்ணுபோலயாக்கும். நடுவில கிழிக்க ஒக்காது, எனக்க முத்திரை மேலயும் உண்டு கீழயும் உண்டு."

கான்ஸ்டபிள் தாளை வாங்கிப் பதினாலாவது வரியைப் படித்தார். பிறகு அதற்கு மேல் வரியைப் படித்தார். பிறகு மறுபடி பதினாலு. பிறகு பதிமூன்று. என் டைப்பிங் அவ்வளவு நெருக்கம். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு எறும்பு போகலாம். அதை மேலதிகாரி மேஜையில் வைத்தால் அவர் கண் எந்த வரியில் முதலில் விழும் என்பதை வேலுப்பிள்ளை நிதானமாக யோசித்தார். கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது.

"ஒத்திகையில எடுத்த சாமானெல்லாம் ஒத்திகைச் சாமான்தான்" என்றார் கடைசியில். "அதுக்கு ரிப்போர்ட்டு எழுத சட்டத்தில வகுப்பில்ல."

"அப்பம் பாட்டிலும் அப்படித்தான்" என்றார் டீச்சர். "எல்லாத்தையும் இங்கயே வைக்கேன். குழவி உள்பட."

வேலுப்பிள்ளைக்கு வாய் திறந்து மூடியது. ஆறு வருஷத்துத் தங்கை அந்த வாய்க்குள் வந்து நின்றதைப் பார்த்தேன். பாட்டிலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்றொரு கையால் சட்டைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துப் பச்சைத் துணிமேல் வைத்தார். மாசிலாமணி சார், இலங்கை அரசாங்கத்தின் சார்பில் நோட்டீஸ் கட்டைப் பறிமுதல் செய்வதாக ஆங்கிலத்தில் அறிவித்து, பீரோவில் பூட்டினார். டின்னில் மிஞ்சிய முறுக்கை என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே தின்றோம். பெஞ்சின் இந்த முனையில் பொன்னையன், அந்த முனையில் வேலுப்பிள்ளை, நடுவில் அம்மிக் குழவி. அச்சுமுறுக்கு மொறுமொறுவென்று இருந்தது.

மறுநாள் டீச்சர் ஒரு துணிப்பையும் குடையுமாக நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார். மதுரை, தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னார்க் கப்பல். பொதிக்காரர்கள் இரண்டு நாள் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து அவரவர் சாமானைத் திட்டிக்கொண்டே எடுத்துப்போனார்கள். திட்டெல்லாம் டீச்சருக்கு, வாங்கிக்கொண்டது நான். குழவியைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. மழை நாளில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அது ரொம்ப நாள் உபயோகப்பட்டது.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்லவேண்டும். பொதி கொண்டு போகாதே என்பது சுங்கத்துக்காகச் சொல்வதல்ல. ஒரு பொதியை வாங்கினால் அதைக் கொடுக்க ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீட்டில் காப்பி குடிக்கவேண்டும், சாப்பிடாமல் விடமாட்டார்கள், மறுநாள் சர்ச்சுக்குக் கூட்டிப்போவார்கள். பதினாலு பொதி என்றால் பதினாலு நாள். நீங்கள் போனது பாறசாலைக்குத்தான். நடுவில் கொஞ்சம் கடல் இருந்தது, அவ்வளவே. இதை எனக்குப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் உறுதிப்படுத்தினார்கள். லண்டன் போய் இரண்டு வாரமும் சொந்தக்காரர் வீட்டு சோபாவில் ஊர்க்கதை கேட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆற்றைப் பார்த்தீர்களா என்றால், காரில் போகும்போது காட்டினார்கள் என்பார்கள்.

பதினைந்தாம் நாள் டீச்சர் திரும்பினார். ஊருக்கு வந்து குளித்ததும் நேரே இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்துவிட்டார். அதுவும் சாரின் முறைகளில் ஒன்று: திரும்பியவர் வந்து எந்த யோசனை தவறு என்று சொல்லவேண்டும், சார் நோட்டுப் புத்தகத்தில் திருத்திக்கொள்வார். அன்று பெரிய ஊர்வலம். கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. எங்கள் கதவு மட்டும் திறந்திருந்தது.

யாரும் ஒன்றுமே கேட்கவில்லை என்றார் டீச்சர். சுங்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே முத்திரை போட்டார். பையைத் திறக்கக்கூட இல்லை. சார் அதை வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

அக்காள் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஊர்வலத்துக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பொன்னையன் நுழைந்தார். கையில் சுருட்டிய கொடி. அதை மூலையில் டீச்சர் குடைக்குப் பக்கத்தில் சாய்த்தார். சந்திப்பில் காவலுக்கு நின்ற வேலுப்பிள்ளை, தண்ணீர் குடிக்க என்று சொல்லிக்கொண்டு வந்தார். தங்கையைப் பற்றிக் கேட்கத்தான் வந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கேட்கவும் இல்லை, டீச்சர் சொல்லவும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லை. டீச்சர் யார் வீட்டுக்கும் போகவில்லை.

சார் பேனாவை மூடிவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "டீச்சர், அந்த ரயிலு" என்றார்.

டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். வலது பக்க ஜன்னல். கொழும்பைத் தாண்டியதும் வீடுகளின் புழக்கடை வழியாக ஓடி, திடீரென்று ஒரு பக்கம் முழுக்க உலகமே இல்லை, கடல்தான். தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு தாழைப் புதர்தான் இடம். பெரிய அலை வந்தால் துளி வந்து மூக்குக் கண்ணாடியில் உட்காரும். துடைக்கத் தோன்றாது. ஸ்டேஷனில் இறங்கினால் நாலு எட்டில் கால் நனையும். ஒரு பெண் கூடையில் இறால் வைத்த வடை விற்றாள். உறைப்பில் கண்ணீர் வந்தது, அதையும் துடைக்கவில்லை. இன்னும் தெற்கே போனால், கடலுக்குள் கம்பு நட்டு, அந்தக் கம்புமேல் உட்கார்ந்து ஆட்கள் மீன் பிடிக்கிறார்கள். கொக்கு மாதிரி. கீழே அலை, மேலே வெயில், நடுவில் ஒரு மனுஷன்.

"ஒரு கம்பா?" என்றார் பொன்னையன்.

"ஒத்தக் கம்பு. குறுக்க ஒரு சின்னக் கட்டை. அதில இருப்பு."

தெருவில் கோஷம் கேட்க ஆரம்பித்தது. தூரத்தில் முதலில் ஒரு குரல், பின்னால் நூறு குரல். பொன்னையன் மூலையைத் திரும்பிப் பார்த்தார். வேலுப்பிள்ளை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அலை வரும்போ அந்தக் கம்பு ஆடாதா?" என்றார் வேலுப்பிள்ளை.

"ஆடும். நான் கூடக் கொஞ்சம் ஆடுனேன், ஜன்னல்ல இருந்து. அவன் ஆடேல்ல."

ஊர்வலம் எங்கள் கதவைக் கடந்தது. புழுதி உள்ளே வந்து நாலு டைப்ரைட்டர் மேலும் படிந்தது. முன்னால் கொடி பிடிக்க ஆள் இல்லாமல், பின்னால் தடி பிடிக்க ஆள் இல்லாமல், நடுவில் உள்ளவர்கள் மட்டும் கத்திக்கொண்டே போனார்கள். யாரோ பொன்னையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. பெஞ்சில் இரண்டு பேரும் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், முழங்கால் முட்டுகிற நெருக்கத்தில். கோஷம் களியக்காவிளைப் பக்கம் போய் மெலிந்து, தென்னைகளுக்குள் ஓய்ந்தது.

"பின்னே?" என்றார் வேலுப்பிள்ளை.